போதைப்பொருள் கடத்தியவருக்கு எத்தனை வருடம் என்பதை நீதிபதிதான் முடிவு செய்கிறாரா?

பெரிய வழக்குகளில் எடைதான் முடிவு செய்கிறது. சில வருடம் இந்த வழக்குகளில் ஜூனியர் வக்கீலாக இருந்தேன், அதனால் கஞ்சாவை வைத்தே சொல்கிறேன்.

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை 2001-ல் திருத்தியபோது தண்டனையை அளவுப்படி பிரித்தார்கள். கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு, இன்று அதற்கு அதிகபட்சம் ஒரு வருடம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, 10 முதல் 20 வருடம் கடுங்காவல், கூடவே 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம். இடைப்பட்ட அளவுக்கு 10 வருடம் வரை, குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது, அங்கே நீதிபதி ஆளையும் சூழ்நிலையையும் பார்க்க இடம் உண்டு.

எங்கள் சீனியரிடம் வந்த ஒரு வழக்கில் பையில் 21 கிலோ. தூக்கி வந்த பையனுக்கு 22 வயது, கூலி சில ஆயிரம். சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதிதான், ஆனால் தண்டு, இலை என்று கலந்து கிடந்ததை அப்படியே தராசில் வைத்துவிட்டார்கள். பிரித்து எடை போட்டிருந்தால் 20-க்குக் கீழே வந்திருக்கும் என்று வாதாடினோம், எடுபடவில்லை. ஜாமீனும் இல்லை, ஏனென்றால் வணிக அளவு என்றால் இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கு அப்போதே தோன்ற வேண்டும்.

ஹெராயினிலும் இதே எடைப் பிரச்சினைதான். கலப்படத்தைக் கழித்துச் சுத்தமான சரக்கை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்னது, 2020-ல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி மொத்த எடையும் சேரும் என்றார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது எங்கே என்றால், தயாரித்தவனுக்கும் விற்றவனுக்கும் கூலிக்குத் தூக்கி வந்தவனுக்கும் ஒரே பிரிவு, ஒரே தண்டனை. ரகசியமாகக் கூடம் போட்டு மெத்தாம்பெட்டமைன் தயாரிக்கிறவனுக்கு 20 வருடம் கொடுங்கள், நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். பை தூக்குகிறவன் விஷயத்தில் 10-க்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் வேண்டும். பணம் போட்டவனைப் பிடிக்கவும் 27ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது, ஆனால் அவன் பையைத் தொடுவதே இல்லையே.

தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று அந்த 21 கிலோ பையனிடம் நீதிபதி கேட்டபோது, அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் ஐயா என்றான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் 10 வருடம் என்றார். இந்தச் சட்டத்தில் தண்டனைக் குறைப்பும் கிடையாது, 10 என்றால் 10 தான். சரக்கைக் கொடுத்து அனுப்பியவன் பெயர் குற்றப்பத்திரிகையில் கடைசி வரை வரவில்லை.