வேலியில்லாத வரைபடம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மொறட்டுவையில் கட்டடக்கலை படித்து முடித்து, இரண்டு ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் வீட்டு வரைபடங்கள் வரைந்துவருகிறேன். நகர வடிவமைப்பில் பட்டப்பின்படிப்புப் படிக்க ஆசை. 'அதைப் படித்துவிட்டு இங்கே என்ன செய்யப்போகிறாய்?' என்று அப்பா கேட்கிறார். வெளியூர்ப் பாடங்கள் நம் ஊருக்குப் பொருந்துமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. தங்கள் கருத்தை அறியத் தருவீர்களா?

ம., கொக்குவில்

அன்புள்ள ம.,

அப்பாவின் கேள்வி நியாயமானது. 'நகர வடிவமைப்பாளர்' என்று பெயர்ப்பலகை மாட்டி யாழ்ப்பாணத்தில் பிழைப்பது கடினம். கட்டடக்கலைஞராகவோ, நகர அபிவிருத்தி அதிகார சபை போன்ற இடங்களிலோதான் சம்பளம் கிடைக்கும். அதை அவரிடம் மறைக்க வேண்டாம். உங்கள் ஐயத்துக்குத்தான் நான் விரிவாகப் பதில் எழுத வேண்டும்.

1956இல் கட்டடக்கலைஞர் ஹொசே லூயி செர்ட் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கூட்டிய மாநாட்டையே நகர வடிவமைப்புத் துறையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1960இல் அங்கே அது தனிப் பட்டப்பின்படிப்பானது. நிலப் பயன்பாட்டையும் சட்டத்தையும் திட்டமிடலாளர் பார்க்க, கட்டடத்தைக் கட்டடக்கலைஞர் பார்க்க, இரண்டுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடந்த தெருவையும் சந்தியையும் முற்றவெளியையும் தன் பொருளாக எடுத்துக்கொண்ட துறை இது.

முதற்பருவத்திலேயே, கட்டடங்களைக் கறுப்பாகவும் மற்றதையெல்லாம் வெள்ளையாகவும் விட்டு நகரை வரையச் சொல்வார்கள். நான் படித்தபோது என் ஊர் ஒழுங்கையை அப்படி வரைந்து கொண்டுபோனேன். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஆசிரியர் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'இங்கே தெரு எங்கே?' என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்மிடம் தெருவின் விளிம்பாக நிற்பது கட்டடச் சுவரன்று, வேலி; வீடு வளவின் நடுவே உள்ளொதுங்கி நிற்கும் என்பதை அப்போது எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த வரைமுறைக்கு முன்னோடியாகக் காட்டப்படுவது 1748இல் இத்தாலியரான நொல்லி வெளியிட்ட உரோம் நகர வரைபடம். அதில் தேவாலயங்களின் உட்புறத்தையும் அவர் தெருவைப் போலவே வெள்ளையாக விட்டிருக்கிறார்; கூரை இருக்கிறதா என்பதைவிட, வழிப்போக்கன் உள்ளே நுழையலாமா என்பதே அவருக்குக் கணக்கு. அந்தக் கண்ணோடு நம் வளவு வாசல்களில் நின்ற சங்கடப்படலையைப் பாருங்கள். கூரை போட்டு, இரு பக்கமும் குந்து கட்டி, வெயிலில் நடந்து வருகிறவர் யாரென்று கேளாமல் அமர விட்ட அந்த நாலடி இடம் காணி உறுதிப் பத்திரத்தில் வளவுக்காரருக்குச் சொந்தம், வழக்கத்தில் ஊருக்குச் சொந்தம். நொல்லி வந்திருந்தால் அதை வெள்ளையாகத்தான் விட்டிருப்பார். அயல் வீட்டுக்குப் போய்வர வேலியில் விட்ட 'பொட்டு' என்ற இடைவெளியையும் எப்படியாவது குறித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆகவே, பாடம் பொருந்துகிறது. நான்தான் அதைப் பாதியாகப் படித்து வைத்திருந்தேன்.

கிடுகு வேலி போய் மதில் வந்ததைப் பண்பாட்டு இழப்பு என்று புலம்புகிறவர்கள் பலர். எனக்கு அந்தப் புலம்பலில் அவ்வளவு ஈடுபாடில்லை. ஆண்டுதோறும் வேலியடைத்தவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஆனால் வேலி மழைநீரை விட்டது, மதில் மறிக்கிறது. ஆறென்று சொல்ல வழுக்கியாற்றைத் தவிர வேறில்லாத, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழையை நம்பிக் கிணறு வைத்திருக்கும் குடாநாட்டில், முற்றத்துக்குச் சீமெந்து போட்டு மதிலையும் எழுப்பினால் நீர் ஒழுங்கையில் நிற்காமல் எங்கே போகும்? மதிலின் உயரம், அடியில் விடும் துளை, தெருவோர வடிகாலான கானின் ஆழம், குளத்துக்குப் போகும் வாய்க்கால் ஆகியவற்றை ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை இந்தப் படிப்பு தரும். இங்கே என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு என்னிடமுள்ள பதில் இதுதான்.

எங்கே படிப்பது என்பது பணத்தைப் பொறுத்தது. மொறட்டுவையிலேயே படிக்கலாம், டெல்லியிலும் அகமதாபாத்திலும் நல்ல கல்விக்கூடங்கள் உண்டு. எங்கே விண்ணப்பித்தாலும் அதற்கு முன் உங்கள் ஒழுங்கையை ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்தி வரை நாடா பிடித்து அளந்து, மதில், படலை, கான், பின்னேரங்களில் ஆட்கள் குந்தியிருக்கும் மதகு எல்லாவற்றையும் குறுக்குவெட்டாக வரைந்து, வரைபடத் தொகுப்பின் முதற்பக்கத்தில் வையுங்கள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அப்பாவைக் கூப்பிடுங்கள். பழைய வேலி எந்த இடத்தில் நின்றது என்று அவர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.