அர்பன் மியூசிக் சேனல் என்றால் என்ன, அது ஏன் தனியாக உருவானது?

கறுப்பினக் கலைஞர்களின் ஹிப்ஹாப், ஆர்&பி, சோல் பாடல் வீடியோக்களுக்கே முதலிடம் தரும் டிவி சேனல் அது. அமெரிக்காவின் பிஇடி (பிளாக் என்டர்டெயின்மென்ட் டெலிவிஷன்) ஒரு காலத்தில் இதற்கு நல்ல உதாரணமாக இருந்தது.

தனிச் சேனல் ஏன் தேவைப்பட்டது? 1981 ஆகஸ்டில் வந்த எம்டிவி என்ற பாடல் வீடியோ சேனல், ராக் ரேடியோவின் பாணியைப் பின்பற்றியதால் கறுப்பினக் கலைஞர்களின் வீடியோக்கள் அதில் அபூர்வமாகத்தான் வந்தன. கறுப்பினப் பாடகர் ரிக் ஜேம்ஸ் இதை வெளிப்படையாகவே கண்டித்தார், 1983-இல் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி எம்டிவி பேட்டியிலேயே காரணம் கேட்டார், அந்த வருடம்தான் மைக்கேல் ஜாக்சனின் வீடியோக்கள் அங்கே இடம்பிடித்தன. பெரிய கடைக்காரர் உங்கள் சரக்கை அலமாரியில் வைக்க மறுத்தால் பக்கத்திலேயே சொந்தக் கடை போடுவீர்கள் இல்லையா, அந்த மாதிரிச் சொந்தக் கடையாகத்தான் பிஇடியின் ‘வீடியோ சோல்’, அப்புறம் ‘ராப் சிட்டி’ நிகழ்ச்சிகள் இருந்தன. வேறெங்கும் தலைகாட்ட முடியாத எத்தனையோ பாடகர்களுக்கு அந்த மேடை கிடைத்தது சாதாரண விஷயமில்லை.

2002-இல் எம்டிவியே ‘எம்டிவி ஜாம்ஸ்’ என்று ஹிப்ஹாப்புக்கு 24 மணி நேர சேனல் தொடங்கியது. 2015-இல் அது ‘பிஇடி ஜாம்ஸ்’ ஆனது.

எம்டிவியைப் பார்த்துத்தான் பிஇடி தொடங்கினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ராபர்ட் ஜான்சன் அதை 1980 ஜனவரியிலேயே, வாரத்துக்கு வெறும் இரண்டு மணி நேர ஒளிபரப்பாக, ஆரம்பித்துவிட்டார்.