உளவியல் படித்த நீங்கள் உடல்வழி உளச்சிகிச்சைப் பக்கம் எப்படி வந்தீர்கள்?

பெருமூச்சுதான் காரணம்.

கொழும்பில் உளவியல் படித்துவிட்டு 2011இல் கிளிநொச்சிக்கு வேலைக்கு வந்தேன். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம். நான் படித்ததெல்லாம் ஆட்களைப் பேச வைக்கும் வித்தை. இங்கே வந்தவர்களோ தலையிடி என்றார்கள், நெஞ்சு பதைக்குது என்றார்கள், நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு பனடோல் இருக்கிறதா என்று கேட்டார்கள். மனசு எப்படி என்று விசாரித்தால், "மனசுக்கென்ன பிள்ளை, உடம்புதான் ஏலாமக் கிடக்கு." ஒரு வருடமாக அதை மழுப்பல் என்றே நினைத்தேன். என் மடத்தனம்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகள்தான் கண்ணைத் திறந்தன. போரின் நெருக்கீடு எங்கள் சனத்திடம் உடல் நோவாக வெளிப்படுவதையும், அவர்களுக்குப் பழகிய செபம், மந்திரம், யோகம் ஆகியவற்றைச் சிகிச்சையில் சேர்ப்பதையும் பற்றி எழுதியவர் அவர்.

அதற்குப் பிறகுதான் வில்ஹெல்ம் ரைக்கைப் படித்தேன். பிராய்டின் வட்டத்தில் இருந்தவர். அடக்கி வைத்த உணர்ச்சி தசை இறுக்கமாகி உடலில் கவசம்போல் படியும் என்றவர். பிற்காலத்தில் 'ஓர்கோன்' என்று தானே பெயரிட்ட ஓர் உயிர்ச்சக்தியைச் சேர்த்துவைக்கப் பெட்டி செய்யப் போய், நீதிமன்றத் தடையை மீறியதற்காக அமெரிக்காவில் சிறைப்பட்டு 1957இல் அங்கேயே இறந்தார். அந்தப் பெட்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அன்றாடம் கைகொடுப்பது, தசைகளைத் தளர்த்த அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய எளிய முறை: கையை இறுக்கிப் பொத்து, கொஞ்சம் பிடி, விடு. பிறகு தோள், தாடை, கால்.

ஒரு தடவை நன்றாகவே சறுக்கினேன். (ஆள் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.) ஓட்டோ ஓடுகிற ஒருவரிடம், "கண்ணை மூடி மூச்சை இழுங்கோ அண்ணை" என்றேன். மூன்றாவது மூச்சில் வியர்த்துக் கொட்டி, கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"கண்ணை மூடினா பங்கருக்குள்ள இருக்கிறமாதிரிக் கிடக்கு மிஸ்."

அன்றிலிருந்து எல்லாம் கண் திறந்தபடிதான். செருப்பைக் கழற்றி, உள்ளங்கால் சீமெந்து நிலத்தில் பட உட்காரச் சொல்வேன். கதிரை வாசலைப் பார்த்திருக்கும். நான் யாரையும் தொடுவதில்லை. வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு அடுத்தவர் உடம்பில் கை வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

உடம்பு நோகுது என்று வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். உடம்புக்குள் ஷெல் துண்டோடு நடமாடுபவர்கள் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே பார்க்காமல் அதை மனநோ என்று சொல்ல நான் யார்?

அந்த ஓட்டோ அண்ணை பிறகும் வந்தார். மூச்சுப் பயிற்சி வேண்டவே வேண்டாம் என்றார். சரி, நடப்போம் என்று வெளியே வேப்பமரத்தைச் சுற்றி நடந்தோம், பெரும்பாலும் ஓட்டோ டயர் விலையைப் பற்றிக் கதைத்தபடி. நாலாவது கிழமை, நடக்கிற நடையை நிறுத்தாமலே, தம்பியின் பெயரைச் சொன்னார்.