லண்டனில் எந்தக் கார்டு, எந்தப் பாஸ்? கேள்வி பதில்

பதினேழு வருடமாக லண்டன் டியூபிலும் (அங்கத்திய சுரங்க ரயில்) பஸ்ஸிலும்தான் என் வேலைக்குப் போய்வருகிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் என்னிடம்தான் கேட்கிறார்கள், எந்தப் பாஸ் எடுக்கலாம் என்று. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். விலை சொல்லும் இடங்களில் எல்லாம் 2025 மார்ச்சில் வந்த கட்டணத்தைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் மாற்றுவார்கள், அதனால் இப்போது மாறியிருக்கலாம், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: அக்கா, நானும் மனைவியும் ஐந்து நாள் வருகிறோம். ஊரில் இருக்கும்போதே பாஸ் வாங்கிவிடவா?

வேண்டாம். எதையும் வாங்காமல் வாருங்கள்.

லண்டனில் கார்டைத் தட்டிப் போகும் முறைக்கே ஒரு நாள் உச்சவரம்பு உண்டு. காலையில் டியூபில் ஏறும்போது கார்டைத் தட்டுகிறீர்கள், இறங்கும்போது தட்டுகிறீர்கள். நாள் முழுக்க அதே கார்டில் தட்டினால், முதல் இரண்டு ஸோனுக்குள் (நகர நடுவிலிருந்து வளையம் வளையமாகப் பிரித்த கட்டணப் பகுதிகள்தான் ஸோன்) சுற்றுகிறவரிடம் 8.90 பவுண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். பத்துத் தடவை ஏறி இறங்கினாலும் அவ்வளவுதான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான இடங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு ஸோனுக்குள்ளேயே இருக்கிறது. இதே வேலைக்கு ஒரு நாள் காகித டிராவல்கார்டு (எத்தனை தடவையும் ஏறி இறங்கும் பாஸ்) வாங்கினால் 16 பவுண்டுக்கு மேல். அதிக ஸோனுக்குச் செல்லும் என்பது உண்மைதான், ஆனால் உங்களுக்கு அந்த ஸோன்களில் வேலை இல்லையே.

'நாள்' என்பது விடியற்காலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் 4.29 வரை. இரவு நாடகம் பார்த்துவிட்டு பன்னிரண்டரைக்குத் திரும்பினாலும் முந்தைய நாள் கணக்கில்தான் சேரும்.

தட்டுவதற்கு இரண்டு வழி: உங்கள் வங்கியின் கான்டாக்ட்லெஸ் கார்டு, இல்லையென்றால் 2003லிருந்து இருக்கும், பணம் ஏற்றித் தட்டும் ஆய்ஸ்டர் கார்டு. இரண்டிலும் பெரியவர்களுக்குக் கட்டணம் ஒன்றுதான். ஆய்ஸ்டரை வாங்க ஒரு தொகை கொடுக்க வேண்டும், அது திரும்பாது. அதனால் வங்கிக் கார்டு வேலை செய்தால் ஆய்ஸ்டர் தேவையில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, நாள் முழுக்க அதே கார்டு. நீங்களும் மனைவியும் ஒரே கார்டில் இரண்டு தடவை தட்டி உள்ளே போக முடியாது.

திருச்சியிலிருந்து: நம் ஊர் வங்கிக் கார்டு அங்கே வேலை செய்யுமா?

விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்றால் செய்யும். ரூபே கார்டை நம்பி வராதீர்கள். ஆனால் வேலை செய்யும் கார்டையும் ஊரிலேயே தயார் செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ்ஸும் மூடித்தான் வரும். நீங்கள்தான் வங்கி ஆப்பில் போய் இரண்டையும் திறக்க வேண்டும். 'வெளிநாடு' என்ற பொத்தானை மட்டும் திறந்துவிட்டு, அதற்குக் கீழே தனியாக இருக்கும் 'கான்டாக்ட்லெஸ்' பொத்தானை விட்டுவிடுகிறார்கள். நிலையத்தின் டிக்கெட் கதவருகே வந்து தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது, பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள்.

அந்நியச் செலாவணிக்கு உங்கள் வங்கி எத்தனை சதவீதம் பிடிக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். அது அதிகமாக இருந்தால் ஆய்ஸ்டர் வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்வது நல்லது.

பெங்களூரிலிருந்து: போனில் தட்டலாமா, கார்டில் தட்டலாமா?

எதில் வேண்டுமானாலும் தட்டுங்கள். ஆனால் காலையில் போன், மதியம் கார்டு, சாயங்காலம் வாட்ச் என்று மாற்றாதீர்கள். மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில் இருந்தாலும், தட்டும் இடத்துக்கு அவை மூன்று தனிக் கார்டுகள். மூன்றும் தனித்தனியாக எண்ணும், உச்சவரம்பு எதிலும் வராது. போனில் ஏறி கார்டில் இறங்கினால் இன்னும் மோசம். இரண்டுமே பாதியில் நின்ற பயணங்கள் ஆகிவிடும், இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும்.

மதுரையிலிருந்து: வியாழக்கிழமை வந்து அடுத்த புதன் கிளம்புகிறேன். சரியாக ஏழு நாள். வார உச்சவரம்பு தானாகவே வந்துவிடும் என்கிறார்களே?

நல்ல கேள்வி. இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

வார உச்சவரம்பு உண்டு, முதல் இரண்டு ஸோனுக்கு 44.70 பவுண்ட். ஆனால் அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். நீங்கள் வந்த நாளிலிருந்து எண்ணாது. உங்கள் கணக்கைப் பார்ப்போம். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள், தினமும் 8.90 என்றால் 35.60. அது 44.70ஐத் தொடவில்லை. திங்கள் பிறந்ததும் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள், 26.70. ஆக மொத்தம் 62.30.

ஆய்ஸ்டர் கார்டில் ஏற்றும் ஏழு நாள் டிராவல்கார்டு எந்தக் கிழமையிலும் தொடங்கும். அதன் விலையும் 44.70தான். உங்களுக்கு 17.60 பவுண்ட் மிச்சம். ஆய்ஸ்டர் வாங்கும் செலவைக் கழித்தாலும் லாபம்தான். வெளியூரிலேயே விற்கும் விசிட்டர் ஆய்ஸ்டரில் டிராவல்கார்டை ஏற்ற முடியாது, சாதாரண ஆய்ஸ்டர்தான் வேண்டும்.

அவசரப்படாதீர்கள், இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. தினமும் உச்சவரம்பைத் தொடுகிறவருக்குத்தான் இந்த லாபம். முதல் ஸோனுக்குள் ஒரு டியூப் பயணம் அதிகபட்சம் 2.90. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் எல்லாம் நடை என்றால் நாளுக்கு 5.80, ஏழு நாளுக்கு 40.60. டிராவல்கார்டு எடுத்தால் நஷ்டம்! லண்டன் நடுப்பகுதியில் நடப்பது சுகமும்கூட. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவன்ட் கார்டனுக்கு டியூபில் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் அடித்துக்கொள்ளும். மேலே வந்து நடந்தால் ஐந்தே நிமிடம்.

அதனால் முதலில் ஒரு தாளில், எந்த நாள் எங்கே போகிறீர்கள், எத்தனை தடவை ஏறுவீர்கள் என்று எழுதுங்கள். அதற்கு அப்புறம்தான் பாஸ்.

சேலத்திலிருந்து: பிள்ளைகளுக்கு 9 வயது, 13 வயது.

ஒன்பது வயதுக்கு டியூபிலும் பஸ்ஸிலும் இலவசம். டியூபில் பெரியவர் ஒருவரோடு அகலக் கதவு வழியே போக வேண்டும். பதின்மூன்று வயதுக்கு ஓர் ஆய்ஸ்டர் வாங்கி, டியூப் நிலைய ஊழியரிடம் 'யங் விசிட்டர்' சலுகையை ஏற்றித் தரச் சொல்லுங்கள். 11 முதல் 15 வயது வரை, பதினான்கு நாள் வரைக்கும் பாதிக் கட்டணம். வங்கிக் கார்டைக் கொடுத்துத் தட்டச் சொன்னால் பெரியவர் கட்டணம்தான் போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வர எது மலிவு, அக்கா?

பிக்கடில்லி லைன் என்ற டியூப். முதல் ஸோனுக்கு 5.80. எலிசபெத் லைன் ரயில் வேகம், ஆனால் 13.90. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தனி ரயிலுக்கும் தட்டலாம், ஆனால் அது எந்த உச்சவரம்பிலும் சேராது. இரண்டு பெட்டிக்கு மேல் இருந்து, கூட வயதானவர்களும் இருந்தால் எலிசபெத் லைனுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. பெட்டி வைக்க இடம் இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து: நான்கு நாள் வருகிறேன். எந்தப் பாஸ்?

கோயம்புத்தூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

கும்பகோணத்திலிருந்து: அப்படியே பாரிஸும் போகிறோம். இதே கார்டு அங்கே செல்லுமா?

ஆய்ஸ்டர் செல்லாது. பாரிஸுக்கு நவிகோ என்று தனிக் கார்டு. அதன் வாரப் பாஸும் திங்கள் முதல் ஞாயிறுதான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மற்றதை அந்த ஊரில் இருப்பவரிடம் கேளுங்கள்.

சென்னையிலிருந்து: அக்கா, நீங்கள் காசுக் கணக்கு மட்டும் பார்க்கிறீர்கள். அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்குத் தம்பி வீட்டுக்கு, வெம்ப்ளிக்குப் போனார்கள். தட்டும் கார்டு கொடுத்தோம். ஒவ்வொரு 'பீப்' சத்தத்துக்கும் அம்மா, "இதுக்கு எவ்வளவுடா போச்சு?" என்று கேட்டார். நூறு ரூபாய்க்கு மேல் என்றதும் வீட்டை விட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டார். பாஸ் இருந்திருந்தால் போயிருப்பார். பாஸ் வேண்டவே வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. என் அம்மா வந்திருந்தபோதும் இதுவேதான். நான் வேலைக்குப் போனதும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் தனியாகத் துணிந்து கிளம்பினார். இறங்கிய ரயில் நிலையத்தில் கதவே கிடையாது, நடைமேடை முனையில் ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும்தான். தட்டாமலே வெளியே வந்துவிட்டார், அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிட்டது. அது தெரிந்த பிறகு இரண்டு வாரம் எங்கும் போகவில்லை. கதவில்லாத நிலையங்கள் உண்டு என்று முன்னாடியே காட்டிக்கொடுக்காதது என் தப்பு.

ஆனாலும் ஸோன் டிராவல்கார்டு உங்கள் அம்மாவுக்கு ஏற்றதில்லை. வெம்ப்ளி நான்காம் ஸோன். அங்கிருந்து நடு லண்டன் வரைக்கும் எடுத்தால் விலை ஏறும், வாரத்தில் ஒருநாள் போகிறவருக்கு அது தண்டம்.

அதற்கு ஈஸ்ட் ஹாமிலிருந்து ஓர் ஐயா: தங்கச்சி, பஸ் பாஸை மறந்துபோனீர்களே. நானும் என் மனைவியும் வந்த புதிதில் அதில்தான் லண்டன் முழுக்கப் பார்த்தோம்.

ஐயா சொல்வதுதான் சரி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். லண்டன் பஸ்ஸுக்கு ஸோன் கிடையாது. ஊர் முழுக்க ஒரு பயணம் 1.75. முதல் தடவை தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அந்த 1.75தான். ஒரு நாளுக்கு 5.25ஐத் தாண்டாது. ஏழு நாள் பஸ் பாஸ் 24.70, ஆய்ஸ்டரில் ஏற்றிக்கொள்ளலாம், எந்தக் கிழமையிலும் தொடங்கும். ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், இறங்கும்போது தட்ட வேண்டாம். மறந்துபோகும் பயமே இல்லை. வெம்ப்ளியிலிருந்து 18ஆம் நம்பர் பஸ் யூஸ்டன் வரை போகிறது. மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு ஊரே தெரியும். முட்டி வலி என்றால் கீழேயே முன்னால் பெரியவர்களுக்கென்று சீட் உண்டு.

அதே சென்னைக்காரர்: கணக்குப்படி வாரத்துக்கு 24.70க்கு அம்மா பயணம் செய்யமாட்டாரே? தட்டினாலே மலிவாக வருமே?

வரும். வாரத்துக்கு எட்டுப் பயணம் என்றால் 14 பவுண்ட்தான். ஆனாலும் முதல் வாரம் பாஸையே எடுத்துக் கொடுங்கள். "காசு கட்டியாச்சு, போகாவிட்டால் வீண்" என்று சொன்னால் நம் அம்மாக்கள் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பத்துப் பவுண்ட், வழி பழகுவதற்கான செலவு. இரண்டு வாரம் கழித்து, எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று அவரே சொல்லும்போது தட்டும் முறைக்கு மாற்றுங்கள். பாஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னது ஐந்து நாள் வருகிறவர்களுக்கு. இங்கே உங்கள் பேச்சுக்கு நான் இறங்கி வருகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து: அறுபது தாண்டினால் லண்டனில் இலவசம் என்கிறார்களே?

லண்டன்வாசிகளுக்கு மட்டும். வந்துபோகிறவர்களுக்கு இல்லை. ஆனால் சீனியர் ரயில்கார்டு என்று ஒன்று உண்டு. அறுபது ஆனவர் யாரும் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம், ஒரு வருடத்துக்கு 35 பவுண்ட். அதை ஆய்ஸ்டரோடு இணைக்கச் சொன்னால், நெரிசல் இல்லாத நேர டியூப் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் நெரிசல் நேரம். பஸ்ஸுக்குத் தள்ளுபடி இல்லை. வெளியூர் ரயிலிலும் குறையும் என்பதால், மாதக்கணக்கில் தங்கும் பெற்றோருக்கு லாபம். ஒரு வாரம் வருகிறவர்கள் வாங்க வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: நானும் கணவரும் ஒரே கார்டைத் தட்டலாமா?

முடியாது. மேலே கோயம்புத்தூர்க்காரருக்கு எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து: பஸ்ஸில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கலாமா?

2014 ஜூலையிலிருந்து வாங்குவதில்லை.

நாகர்கோவிலிலிருந்து: என் கார்டு, இன்னொரு வங்கியின் கார்டு, இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கிறது. பர்ஸோடு தட்டினால் போதுமா?

கூடவே கூடாது. இரண்டில் எது பதிவாகும் என்று சொல்ல முடியாது. ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது மற்றொன்றும் பதிந்தால் என்ன ஆகும் என்று பெங்களூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். கார்டை வெளியே எடுத்துத் தட்டுங்கள், ஒவ்வொரு தடவையும்.

ஓசூரிலிருந்து: போனில் தட்டலாமா?

தட்டலாம். பெங்களூர்க்காரருக்குச் சொன்ன பதிலைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

வேலூரிலிருந்து: கிளம்பும்போது ஆய்ஸ்டரில் மீதி இருந்தால்?

பத்துப் பவுண்டுக்குள் என்றால் டியூப் நிலைய இயந்திரத்திலேயே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நான் என்றால் அப்படியே வைத்துக்கொள்வேன். ஏற்றிய பணத்துக்குக் காலாவதி கிடையாது. அடுத்து லண்டன் வரும் உறவுக்காரரிடம் கொடுத்து அனுப்புங்கள். என்னிடம் இருக்கும் கார்டு மூன்று சித்திகள் கைமாறி வந்தது.

சென்னைக்காரர் மறுபடி: அம்மாவுக்கு இன்று முதல் பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறான் தம்பி. யூஸ்டன் போய்விட்டுத் திரும்பிவிட்டார்.

நாளைக்கு யூஸ்டனில் இறங்கியதும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நடந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகச் சொல்லுங்கள், கால் மணி நேர நடைதான். நுழைவு இலவசம். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் இருக்காது.