ஷெல்லியின் ரொட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி என்றால் வானம்பாடி, மேல்காற்று பற்றிய கவிதைகள்தான். 'வீணாகச் சிறகடிக்கும் அழகிய தேவதை' என்று விமர்சகர் மாத்யூ ஆர்னால்ட் அவரைப் பற்றிச் சொன்னதை எழுதி மதிப்பெண் வாங்கினோம். இப்போது அவரை அரசியல் சிந்தனையாளர் என்கிறார்கள். இன்றைய கருத்துகளை அவர்மேல் ஏற்றுகிறோமோ? 'சிங்கங்களைப்போல எழுங்கள்' என்றவரே, வெட்ட வரும் படையின் முன் கைகட்டி நில்லுங்கள் என்றும் சொல்கிறார். இது முரண் இல்லையா?

ம.

அன்புள்ள ம.,

ஆர்னால்டின் அந்த வரியை வெகுகாலம் நானும் நம்பினேன். ஆனால் அவர் காலத்தில் அச்சுக்கே வராத ஷெல்லி ஒருவர் உண்டு. 1819-20இல் சீர்திருத்தம் பற்றி அவர் எழுதிய உரைநடை நூல் வெளிவந்தது 1920இல். நூறு வருடம்! தேசியக் கடன், அதன் வட்டிக்காக உழைப்பவன் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பது, கடன் பத்திரங்களில் கொழுத்த புதுப் பணக்காரர்கள் என்று அதில் கணக்குப் பார்க்கிறார். கவிஞர்களே உலகின் அங்கீகரிக்கப்படாத சட்டமியற்றுவோர் என்ற புகழ்பெற்ற வரியும் முதலில் அங்கேதான் வருகிறது, தத்துவவாதிகளையும் சேர்த்து.

சரி, சிங்கத்துக்கு வருவோம். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில், வாக்குரிமை கேட்டுக் கூடிய சுமார் 60,000 பேர்மேல் குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. இத்தாலியில் இருந்த ஷெல்லிக்குச் செய்தி செப்டம்பரில்தான் கிடைத்தது. உடனே எழுதிய கவிதை 'மாஸ்க் ஆஃப் அனார்க்கி'. நீங்கள் சொன்ன சிங்கமும் கைகட்டி நிற்பதும் இதில்தான் வருகின்றன. நண்பர் லீ ஹன்ட்டுக்கு அனுப்பினார். அவர் அதை 1832இல்தான் வெளியிட்டார். அதில் விடுதலை என்றால் என்ன என்று கேட்டுவிட்டு ஷெல்லி சொல்லும் பதில் ரொட்டி, உடை, அடுப்பில் நெருப்பு. உயிர் ஒட்டிக்கொண்டிருக்க மட்டும் போதுமான கூலிதான் அடிமைத்தனம். இதை எழுதியவரையா தேவதை என்றோம்?

கைகட்டி நிற்பதன் வேர் 'ப்ரோமிதியஸ் அன்பவுண்ட்' நாடகத்தில் இருக்கிறது. மனிதருக்கு நெருப்பைக் கொடுத்ததற்காகப் பாறையில் கட்டுண்ட ப்ரோமிதியஸ், தன்னைக் கட்டிய கடவுளரின் அரசன் ஜூபிடரிடம் இருப்பதெல்லாம் நான் கொடுத்தது என்கிறான். பிறகு அவன்மேல் தான் இட்ட சாபத்தையே திரும்பப் பெறுகிறான். கொடுங்கோலனின் பலம் நாம் கொடுத்த பலம், அவன்மேல் நாம் வைத்திருக்கும் வெறுப்புகூட அவனுக்குத் தீனி என்பது ஷெல்லியின் எண்ணம். அதனால்தான் 'நீங்கள் பலர், அவர்கள் சிலர்' என்பவர் வாளை எடுக்கச் சொல்லவில்லை. அசையாமல் நிற்கும் கூட்டத்தை வெட்டிவிட்டு ஊர் திரும்பும் படைவீரன் வெட்கப்படுவான் என்று நம்பினார். எனக்கு இதில் முரண் தெரியவில்லை.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. மான்செஸ்டரில் கூடியவர்கள் ஏற்கெனவே நிராயுதபாணிகள்தான், பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் சிந்திய ரத்தத்துக்குப் பதிலாக அந்த ஆண்டு முடிவதற்குள் வந்தவை ஆறு அடக்குமுறைச் சட்டங்கள். கடல் தாண்டி இருந்துகொண்டு 'நில்லுங்கள்' என்று சொல்வது எளிது. இந்தக் கேள்வியை ஷெல்லியிடம் நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பாரதி 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வானம்பாடியை ஒதுக்கிவைத்துவிட்டு 'மாஸ்க்'கில் தொடங்குங்கள். 91 சிறு செய்யுள் பத்திகள்தான், ஒரு மாலை போதும். படித்துவிட்டு எழுதுங்கள்.