சிஸ்டரிடம் கேளுங்கள்: பூச்சியம் என்று எழுதமுன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தாதியர் பயிற்சி மாணவர்களுடையவை. பரீட்சை நெருங்குகிறது என்று விளங்குகிறது. சிறுநீரகம், சலக்குழாய், ஈரல், இந்த மூன்றிலும்தான் எல்லோரும் தடுக்கி நிற்கிறீர்கள். வீட்டு வைத்தியம் பற்றி ஓர் அம்மா எழுதிய கடிதத்தையும் சேர்த்திருக்கிறேன். அதுவும் இதே பாடம்தான்.

திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் சிறுநீரகத்துக்கு முன், உள்ளே, பின் என்று மூன்று வகை இருப்பது எனக்குப் பாடம். ஆனால் ஒரு நோயாளியின் கதையைத் தந்து 'இது எந்த வகை' என்று கேட்டால் குழம்பிவிடுகிறேன், சிஸ்டர். என்ன செய்வது?
(இரண்டாம் வருட மாணவி, கொட்டாஞ்சேனை)

பிள்ளை, நீங்கள் பட்டியலைப் படித்திருக்கிறீர்கள், நீர் போகும் பாதையைப் படிக்கவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். என்னைத் திருத்திய இரவை முதலில் சொல்கிறேன்.

1987. நானும் உங்களைப் போல இரண்டாம் வருடம். கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை வாட்டில் இரவு வேலை. வயிற்றில் ஒப்பரேஷன் முடிந்த பெரியவர் ஒருவருக்குச் சலம் வடியக் கதீற்றர் குழாய் போட்டிருந்தார்கள். மணிக்கொரு தடவை சலத்தை அளந்து தாளில் எழுதுவது என் பொறுப்பு. 2 மணிக்குப் பை வெறுமை. பூச்சியம் என்று எழுதினேன். 3 மணிக்கும் பூச்சியம். 4 மணிக்கும் பூச்சியம். தாளைப் பார்த்த டொக்டர் உடம்பில் நீர் போதாது என்று நினைத்து சேலைனைக் கூட்டினார். பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் புரண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒப்பரேஷன் நோ என்று நினைத்து நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

5 மணிக்கு வாட்டுச் சிஸ்டர் சுற்றி வந்தார். தாளைப் பார்த்தவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பெரியவரின் தொப்புளுக்குக் கீழே கையை வைத்தார். பாதித் தேங்காயைக் கவிழ்த்து வைத்தது போல் அங்கே மேடாக இருந்தது. போர்வையை விலக்கினார். குழாய் தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது. நிமிர்த்தினார். சலம் பைக்குள் விழுந்த சத்தம் அந்த அமைதியில் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. 1100 மில்லிலீற்றர். பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனார். சிஸ்டர் ஏசவில்லை. "பூச்சியம் என்று எழுதமுன் வயிற்றில் கை வைத்தாயா, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் 'பின்' வகை. சிறுநீரகம் வேலை செய்துகொண்டே இருக்கிறது, வெளியேறும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. புரொஸ்டேட் வீங்கினாலும், கல் இறுகினாலும், குழாய் மடிந்தாலும் கதை ஒன்றுதான். வடிதல் நடப்பது அழுத்த வித்தியாசத்தால். கீழே தேங்கிய சலத்தின் அழுத்தம், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரோனின் வாய்வரை திரும்பி ஏறினால் அந்த வித்தியாசம் குறைந்து, வடிதல் நின்றுபோகும். நீண்ட நாள் அடைப்பு திறந்த பிறகு சலம் வெள்ளமாகப் பாயலாம். மணிக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து போனால் டொக்டரைக் கூப்பிடுங்கள்.

சரி, 'முன்' வகைக்கு வருவோம். இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் வடிகிறது. வெளியே வருவதோ ஒன்றரை லீற்றர் அளவு, மிச்சமெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே. வயிற்றோட்டத்திலோ இரத்தப்போக்கிலோ, டெங்குவில் குருதிநீர் நாளத்துக்கு வெளியே கசியும் அந்த ஒன்றிரண்டு நாளிலோ சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. உடனே சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் வழியாக அல்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோன் எழும்பி உப்பைப் பிடித்து வைக்கிறது. மூளையிலிருந்து வரும் இன்னொரு ஹோர்மோன் நீரைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் சலம் குறைந்து, கடும் நிறமாக, உப்பில்லாமல் வருகிறது. சலத்தில் சோடியம் லீற்றருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே நிற்கும். இங்கே சிறுநீரகத்தில் பழுது எதுவும் இல்லை. உடம்பைக் காப்பாற்ற அது நீரைச் சேமிக்கிறது.

ஆனால் இப்படியே மணிக்கணக்கில் விட்டால் 'முன்' வகை 'உள்' வகையாக மாறிவிடும். உப்பை மீட்கும் நுண்குழாய்க் கலங்களுக்கு ஒட்சிசன் நிறைய வேண்டும். இரத்தம் குறைந்தால் முதலில் சாவது அவைதான். செத்த கலங்கள் உரிந்து குழாயையே அடைக்கும். பிறகு உப்பைப் பிடிக்க ஆள் இல்லாததால் சலச் சோடியம் 40-ஐத் தாண்டும். வகைகளைப் பிரிக்க அந்த எண் உதவுவது இதனால்தான், இனி அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். சேலைன் கொடுத்தால் 'முன்' வகைக்காரர் சலம் விடுவார். 'உள்' வகைக்காரருக்கு அதே சேலைன் நுரையீரலில் போய்த் தேங்கும்.

60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றர் வர வேண்டும். குறைந்தால் முதலில் குழாய், பிறகு அடிவயிறு, பிறகு நாடி, பிறஷர், நாக்கின் ஈரம். இவ்வளவும் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.

நெஃப்ரோடிக், நெஃப்ரிடிக் என்ற இரண்டு சிறுநீரக நோய்நிலைகளிலும் வீக்கம் இருக்கிறதே, எப்படிப் பிரிப்பது?
(மாணவி, வெள்ளவத்தை)

சலத்தைப் பாருங்கள். நுரைத்துக் கிடந்தால் புரதம். பால் ஊற்றாத பிளேன்ரீ நிறத்தில் வந்தால் இரத்தம்.

நெஃப்ரோடிக்கில் சிறுநீரக வடிகட்டியின் கண்கள் தளர்ந்து அல்புமின் என்ற புரதம் ஒழுகிப்போகிறது. வளர்ந்தவரில் ஒரு நாளைக்கு மூன்றரை கிராமுக்கு மேல். இரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் அல்புமின் குறைய, நீர் திசுக்களுக்குள் இறங்குகிறது. காலையில் கண் இமை, மாலையில் கால். அல்புமினோடு இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதமும் ஒழுகிவிடுகிறது என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்த நோயாளிக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அது வெறும் வீக்கம் இல்லை, நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். உடனே சொல்லுங்கள்.

நெஃப்ரிடிக்கில் வடிகட்டி அழற்சியால் வீங்கி அடைபடுகிறது. வடிதல் குறைகிறது, உப்பு தேங்குகிறது, பிறஷர் ஏறுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுக்குத் தொண்டை நோ வந்து ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு முகம் அதைத்து, பிளேன்ரீ நிறத்தில் சலம் போனால் பிறஷர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள். தலையிடி என்று சொல்லும் அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம்.

கணவருக்குச் சீனி வருத்தம். காமரங்காவை அடித்து வெறும் வயிற்றில் குடித்தால் சீனி குறையும் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, இரண்டு கிழமையாகக் குடிக்கிறார். கெடுதி இல்லைத்தானே?
(ஓர் இல்லத்தரசி, வத்தளை)

கெடுதி உண்டு, தங்கச்சி. இன்றைக்கே நிறுத்துங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் இரத்தச் சோதனையும் செய்விக்கச் சொல்லுங்கள். காமரங்காவிலும், அதே இனத்துப் புளிப்புக் காயான பிலிம்பியிலும் ஒக்சலேற்று என்ற உப்பு அதிகம். சாப்பாட்டோடு ஒரு துண்டு தின்பது வேறு. பத்துக் காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் அது தடையில்லாமல் உறிஞ்சப்பட்டு, சிறுநீரகத்தில் கல்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியாகப் படிந்து நுண்குழாய்களை அடைக்கும். நல்ல சிறுநீரகமே இதில் பழுதான சம்பவங்கள் நம் நாட்டு வைத்தியர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. சீனி வருத்தக்காரரின் சிறுநீரகமோ ஏற்கெனவே களைத்தது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: காமரங்காவில் நரம்பைத் தாக்கும் நஞ்சும் உண்டு. சிறுநீரகம் சரியாக இருந்தால் அது வெளியேறிவிடும். டயலிசிஸ் செய்யும் ஒருவருக்கு நிற்காத விக்கல் என்றால் காமரங்கா சாப்பிட்டாரா என்று கேளுங்கள். விக்கலுக்குப் பிறகு குழப்பம், வலிப்பு என்று போகலாம். அதே ஆட்களுக்குப் பார்க்க வருபவர்கள் அன்போடு செவ்விளநீர் வாங்கி வருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். வெளியேற வழியில்லாத பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். மனம் நோகாமல் விளங்கப்படுத்தி வாங்கி வையுங்கள்.

ஈரல் சுருங்கிய ஒருவரின் வயிறு முழுக்க நீர். ஆனால் சலம் வற்றுகிறது. 'சிறுநீரகம் நல்லதுதான், ஆனால் வேலை செய்யவில்லை' என்றார் டொக்டர். இது எப்படி?
(மாணவன், தெஹிவளை)

தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். தழும்பேறிய ஈரலுக்குள் இரத்தம் நுழைய முடியாமல் குடலிலிருந்து வரும் நாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. அங்குள்ள நாடிகள் விரிந்துபோகின்றன. இரத்தம் அந்தப் பக்கமே தேங்க, சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. அதற்குத் தெரிவதெல்லாம் 'எனக்கு இரத்தம் வரவில்லை' என்பதுதான். வயிற்றில் எட்டு லீற்றர் நீர் கிடப்பது அதற்குத் தெரியாது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குச் சொன்ன ரெனின் கதை இங்கேயும் தொடங்குகிறது. பிடித்து வைக்கும் உப்பும் நீரும் திரும்ப வயிற்றுக்குள்தான் கசிகின்றன. முற்றிய நிலையில் சிறுநீரக நாடிகள் இறுகி, சலம் நின்றேபோகிறது.

சிறுநீரகம் நல்லது என்பதற்குச் சாட்சியும் உண்டு. இப்படிச் சலம் நின்று இறந்தவர்களின் சிறுநீரகங்களை வேறு நோயாளிகளுக்குப் பொருத்தியபோது அவை வேலை செய்தன. 1969-இல் அந்த ஆய்வு வெளியானது.

இந்த நோயாளியை ஒவ்வொரு நாள் காலையிலும், சலம் போன பிறகு, ஒரே தராசில் நிறுங்கள். ஒரு கிலோ ஏறினால் ஒரு லீற்றர் நீர். இடுப்பு நோவுக்கென்று டைக்ளோஃபெனக் என்ற நோ மருந்தைக் கேட்டால் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். மிச்சமிருக்கும் இரத்த ஓட்டத்தைத் திறந்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அது நிறுத்திவிடும். மலம் போகிறதா என்றும் கேளுங்கள். குடலில் உண்டாகும் அமோனியாவை யூரியாவாக மாற்றுவது ஈரலின் வேலை, அது தளர்ந்துவிட்டது. மலச்சிக்கல் வந்தால் அமோனியா ஏறும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார், நீட்டிய கை பறவைச் சிறகு போல் படபடக்கும். லக்ரியூலோஸ் என்ற மலமிளக்கி கொடுப்பது இதற்குத்தான். நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். 'வயிறு போகிறது' என்று நீங்களாகவே அதை நிறுத்திவிடாதீர்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு காய்ச்சலோடு வருபவர்களுக்குக் கண் மஞ்சளாகவும், கிரியேற்றினின் கூடியும் இருக்கிறது. ஈரலா, சிறுநீரகமா?
(மாணவி, மருதானை)

இரண்டும்தான். எலிக்காய்ச்சலை நினையுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதே, அப்படித் தண்ணீருக்குள் வெடித்த காலோடு நடந்தவர்களுக்கு ஆபத்து. எலியின் சலத்தில் வரும் கிருமி தோல் வழியாக நுழைகிறது. கண்ணில் மஞ்சளோடு சிவப்பும் இருக்கும், கெண்டைக்கால் தொட விடாத நோ. மஞ்சளைத் தரும் பிலிருபின் மிகவும் ஏறியிருக்கும், ஈரல் நொதிகளோ கொஞ்சம்தான் ஏறியிருக்கும். ஈரல் கலங்கள் கூட்டமாகச் சாவது வைரஸ் செங்கமாரியில்தான், இதில் இல்லை. பலருக்குச் சலமும் நிறையப் போய், பொட்டாசியமும் குறைந்திருக்கும். சலம் போகிறதே என்று ஏமாறாதீர்கள்.

மலைநாட்டிலிருந்து வந்து கொழும்பில் பயிற்சி பெறுகிறேன். நோயாளிகள் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். சலத்தொற்றை எப்படிக் கேட்டு அறிவது?
(மாணவன், பொரளை)

நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்து அம்மா 'சலம் எரியுது' என்பார். உங்கள் ஊர் அக்கா 'ஒண்ணுக்குப் போனா கடுக்குது' என்பார். மூன்றாமவர் வெட்கத்தில் 'அடிவயிறு சரியில்லை' என்று மட்டும் சொல்வார். எரிவா, அடிக்கடியா, அவசரமா, விலா முதுகில் நோவா, குளிர் நடுக்கமா என்று அவர்களின் சொல்லிலேயே கேளுங்கள். பெண்களின் சலக்குழாய் நாலு சென்ரிமீற்றர்தான், குடல் கிருமிக்கு அது பெரிய தூரம் இல்லை. முதுகு நோவும் நடுக்கமும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பாருங்கள்.

கதீற்றர் போட்டவரின் பை, வயிற்றுக்குள் இருக்கும் சலப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. தேவை முடிந்ததும் கழற்றச் சொல்லி டொக்டருக்கு நினைவூட்டுங்கள். ஒவ்வொரு நாளும் கிருமிக்குக் குழாயின் உள்பக்கம் ஒரு படிக்கட்டு.

வயதானவர்கள் பலர் எரிவு என்று சொல்லவே மாட்டார்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசிய ஒரு பாட்டி எங்கள் வாட்டில் ஒரு காலை, செத்துப்போன தன் தங்கச்சியைத் தேடி எழும்பினார். காய்ச்சல்கூட இல்லை. மூளைக்குப் படம் எடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி பாட்டியின் கதீற்றர்ப் பையைக் குனிந்து வெளிச்சத்தில் பார்த்து, "மிஸ், கஞ்சி மாதிரிக் கலங்கியிருக்கு" என்றாள். மாதிரி அனுப்பி மருந்து தொடங்கினோம். நாலாம் நாள் பாட்டி அந்த மாணவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.