டானா 44 ஆக்சில் 2,800 வெள்ளிக்குக் கிடைத்தால் வாங்கலாமா?

சிங்கப்பூர் யீஷூனில் வசிக்கும் வாசகர் ஒருவர் 2004ஆம் ஆண்டு பதிவான ஜீப் ராங்ளர் ஸ்போர்ட் வைத்திருக்கிறார். இப்போதுள்ள 30 அங்குல டயர்களைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் பூட்ட ஆசைப்படுகிறார். பின் ஆக்சில், அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு, தாங்காது என்று நண்பர்கள் பயமுறுத்த, ஜொகூரில் ஒரு தரகர் ‘டானா 44’ என்னும் வலுவான வகைப் பழைய ஆக்சிலை 2,800 வெள்ளிக்குப் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கையில் உள்ள தொகை 3,000 வெள்ளி. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கோத்தா திங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பாதைகளில் ஓட்டுவதோடு சரி. வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். ஆனால் நண்பர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் வண்டியின் பின்புறம் உள்ள டானா 35 ஆக்சிலில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டு வெளியே நழுவாமல் பிடித்து வைத்திருப்பது நடுவிலுள்ள கியர் பெட்டிக்குள் இருக்கும் ‘சி’ வடிவக் கிளிப் ஒன்றுதான். தண்டு முறிந்தால் முறிந்த துண்டோடு சக்கரமும் பிரேக் டிரம்மும் சேர்ந்தே வெளியே வரக்கூடும். டானா 44இல் தண்டு பருமனானது. அதன் உள்முனையில் 27 பற்களுக்குப் பதிலாக 30 பற்கள் வெட்டப்பட்டிருக்கும். வெளிமுனையில் தகடு வைத்துப் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. ஆகையால் அது மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உங்கள் தொல்லையில் பாதி ஆக்சிலால் வருவதன்று, நீங்கள் பூட்டப்போகும் டயரால் வருவது. 30 அங்குலத்திலிருந்து 33க்குப் போனால் தண்டின் மீது விழும் சுமை பத்தில் ஒரு பங்கு கூடுகிறது, 3.73 என்ற கியர் விகிதம் (புரொப்பெல்லர் தண்டு 3.73 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும்) 3.4 போல மந்தமாகிறது, மீட்டர் 100 காட்டும்போது வண்டி 110இல் ஓடுகிறது.

இணையத்தில் அமெரிக்கர்கள் சொல்லும் மலிவு வழியையும் நீங்கள் படித்திருப்பீர்கள். 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குலப் பின் ஆக்சிலைக் கழற்றி ஜீப்புக்கு வைப்பது அங்கே பழைய வித்தை. 31 பற்கள், டிஸ்க் பிரேக், அதே ஐந்து போல்ட் அமைப்பு. அவர்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் அது மலிவு. இங்கே கப்பல் கூலி, அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக்சிலை வண்டியோடு பிணைக்கும் தாங்கிகளை வெட்டி மறுபடி வெல்டிங் செய்யும் கூலி என்று கூட்டிப் பார்த்தால் மலிவு என்ற சொல்லுக்கே இடமில்லை. அத்தனைக்குப் பிறகும் அதன் தண்டைப் பிடித்திருப்பது அதே ‘சி’ கிளிப்தான்.

இனித் தரகரைப் பற்றி. இந்தத் தொழிலில் கறுப்புப் பெயிண்ட் பல பாவங்களை மறைக்கும். விபத்தில் வளைந்த ஆக்சில் குழாயைத் துடைத்துப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும்போதும் எண்ணெய் சீல் மாதாமாதம் கசியும்போதும்தான் தெரியும். இதைவிடக் கொடிய ஏமாற்று கியர் விகிதத்தில் இருக்கிறது. உங்கள் முன் ஆக்சில் 3.73 ஆக இருக்க, தரகர் கொண்டுவரும் பின் ஆக்சில் 4.10 ஆக இருந்தால், சாதாரணச் சாலையில் இரு சக்கர இயக்கத்தில் ஓட்டிக் காட்டும்போது ஒரு சத்தமும் வராது. அவர் ஓட்டிக் காட்டுவதும் அப்படித்தான். தோட்டத்துக்குப் போய் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றியதும் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று, இரண்டுக்கும் ஆற்றலைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலியை முறுக்கும். அப்போது தரகரின் கைத்தொலைபேசி அணைந்திருக்கும். ஆக்சிலின் பின்மூடியைக் கழற்றிப் பற்களை எண்ணச் சொல்லுங்கள்: பெரிய பற்சக்கரத்தில் 41, சிறியதில் 11 இருந்தால் 3.73, சிறியதில் 10 இருந்தால் 4.10. மூடியைக் கழற்ற மறுப்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

“பரிசோதனை நாளன்று பழைய டயரைப் பூட்டிவிடலாம்” என்று சொல்லும் பட்டறையையும் நம்பாதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, முன் அனுமதி வேண்டியவை, அறவே கூடாதவை என மூன்றாகப் பிரித்திருக்கிறது. ஆக்சிலை அதன் இரும்பு உறையோடு மாற்றுவதென்றால், வெல்டிங் தொடங்குமுன் எழுத்தில் பதில் வாங்குங்கள். முகப்பில் வாய்மொழியாகச் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். அதை நம்பி நான் ஒருமுறை இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன். பத்தாண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை, சாலை வரியில் 50 விழுக்காடு வரை கூடுதல் என்று ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவரிடம் இன்னொரு படிவத்தையும் நீட்டுகிறார்களே என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அறிவிக்காத மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனம் கண்டுபிடித்தால் இழப்பு உங்களுடையது. இன்னொன்று, வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றான சிஓஇயை 2024இல் ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்திருந்தால் 2029இல் வண்டியைக் கைவிட வேண்டும், மறுபடி புதுப்பிக்க இயலாது. எஞ்சிய ஆண்டுகளைக் கணக்கிட்டுச் செலவு செய்யுங்கள்.

ஒரே ஒரு விலக்கு. உங்கள் வண்டியின் அதே தலைமுறையைச் சேர்ந்த, அதாவது 1997 முதல் 2006 வரையிலான ராங்ளரிலிருந்து கழற்றிய டானா 44, 3.73 விகிதத்தில், நேர்மையான பில்லோடு கிடைத்தால் யோசிக்கலாம், ஏனெனில் தாங்கிகள் பொருந்தும், வெட்டவோ வெல்டிங் செய்யவோ வேண்டியதில்லை. ஆனாலும் ஆக்சிலுக்கு ஆற்றலைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் தண்டின் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும், கைப்பிரேக் கேபிளைப் பார்க்க வேண்டும், ராங்ளரின் ரூபிகான் வகையிலிருந்து வந்ததென்றால் விகிதம் 4.10, பின்புறம் டிஸ்க் பிரேக். அது உங்களுக்கு ஆகாது. ஆக்சில் உறையின் அடிப்புறத்தில் வார்ப்பிலேயே ‘44’ என்ற எண் இருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பாருங்கள். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

இல்லையேல் 31 அங்குல டயரோடு நில்லுங்கள், பின்புறம் லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் கருவி) போடாதீர்கள். பின்சக்கர பேரிங், சீல்களை மாற்றுங்கள், ஆக்சிலின் காற்றுக் குழாயை உயரத் தூக்கிக் கட்டுங்கள். மீதிப் பணத்தில் அதே 27 பற்களுடைய குரோமோலி என்னும் உறுதியான எஃகுத் தண்டு ஒரு ஜோடி வாங்கலாம். கிளிப் அங்கேயே இருக்கும், ஆனால் முறிவது அரிது. ஆற்றைக் கடந்து வந்த வாரமே மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். தண்ணீர் கலந்து தேத்தாரிக் நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.